முதல் கீற்று

என் அப்பா மத்யோகூப் முப்பத்தொரு வருடம் முலாம்பழம் பயிரிட்டார். அதில் கடைசி ஒன்பது வருடம், ஆகஸ்ட் மாதத்தில் அவர் முலாம்பழத்தைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டார்.

எங்கள் ஹஸராஸ்ப் பக்கத்தில், வயலோரம் லாரி வந்து நின்றால் விவசாயி ஒரு பழத்தை அறுத்து முதல் கீற்றைத் தான் தின்ன வேண்டும். பிறகுதான் வியாபாரி வாயில் வைப்பான். தின்னாதவன் நைட்ரேட் உரத்தை அள்ளிக் கொட்டியவன். அந்தக் கீற்றுதான் சான்றிதழ்.

கீற்று இறங்கிய சில நிமிடங்களில் அப்பாவின் உதடு தடிக்கும். நாக்கால் அண்ணத்தைச் சொறிந்துகொண்டே விலை பேசுவார். லாரி போனதும் கால்வாயில் வாய் கொப்பளிப்பார். ஐந்து லாரி வந்தால் ஐந்து கீற்று.

அம்மா தேன் மீது பழி போட்டாள். "தேனும் முலாம்பழமும் சேரவே கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" வீட்டில் தேன் தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வைத்தியமும் அவளே செய்தாள். கால்வாய்க் கரையில் மண்டிக் கிடந்த மாசிபத்திரிச் செடியைப் பூவோடு பறித்து வந்து கஷாயம் வைத்தாள். குடித்த அன்று மூச்சும் இழுத்தது. "சூடு வெளிய வருது, விடுங்க" என்றாள்.

நான் உர்கெஞ்ச் நகரத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அப்பாவை ஒவ்வாமை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஒவ்வாமை தரும் பொருள்களைக் கையில் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்திப் பார்த்தார்கள். மாசிபத்திரி மகரந்தம் வைத்த இடம் புளியங்கொட்டை அளவு வீங்கியது. அந்த மகரந்தத்தில் உள்ள ஒரு புரதமும் முலாம்பழத்தில் உள்ள ஒரு புரதமும் ஏறக்குறைய ஒரே வடிவம். உடம்பு மகரந்தத்தை எதிரியாக்கிக்கொண்டு, பழத்தையும் அதே எதிரி என்று நினைக்கிறது. செடி பூக்கும் காலத்தில் மோசம். குளிர்காலத்தில் தணியும். காய்ச்சினால் புரதம் சிதைந்துவிடும்.

"அப்ப ஜனவரியில தின்னலாம்" என்றார் அப்பா.

"இப்ப தின்னக் கூடாதுப்பா. அதச் சொல்றாங்க."

"ஜனவரியில எந்த லாரி வரும், மகளே?"

பக்கத்து வயல் சபூர் மாமாவுக்கு இது வேடிக்கை. "ஜாம் போட்டா தின்றான். பனி பெய்யறப்ப தின்றான். ஆகஸ்ட்ல மட்டும் அரிக்குதாம். பழத்துக்கு என்ன, காலண்டர் பார்க்கத் தெரியுமா?" விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே தண்ணீர் திறக்கப் போய்விட்டார்.

போன ஆகஸ்டில் அப்பாவின் தொண்டை அடைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மீட்டார்கள். "இனி ஒரு கீற்று தின்னா நான் இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்" என்றேன். சரி என்றார்.

கீற்றுக்குப் பதிலாக நான் பரிசோதனைத் தாள் கொண்டுவந்தேன். நைட்ரேட் வரம்பு கிலோவுக்குத் தொண்ணூறு மில்லிகிராம். எங்கள் பழம் முப்பத்தெட்டு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. பதினெட்டு வருடமாக எங்களிடம் வாங்கும் வியாபாரி கெல்தியார் வந்தான். அப்பா பழத்தை அறுத்து நீட்டினார்.

"முதல்ல நீங்கண்ணே."

"டாக்டர் வேணாம்னுட்டார் தம்பி. தாளப் பாரு."

"தாளையா நான் சந்தையில விக்கப் போறேன்?"

நான் இரண்டு கீற்று எடுத்து அவன் முன்னால் தின்றேன்.

"நீ டவுன்ல இருக்கறவ. இங்க என்ன கொட்டுனாங்கன்னு உனக்கெப்படித் தெரியும்மா?" லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். மூன்றே நாளில், மத்யோகூப் தன் பழத்தைத் தானே தொடுவதில்லை என்று ஊர் பேசியது. பாதிப் பழம் வயலிலேயே வெடித்தது. தாக்குப்பிடிக்கும் பின்பருவப் பழங்களை நாணல் வலையில் கட்டி, சேமிப்பறையில் தொங்கவிட்டார்.

ஜனவரியில் அவர் கெல்தியாருக்கு ஃபோன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போ. உன் கண்ணு முன்னால முழுப் பழம் தின்னு காட்டறேன்."

"இந்தக் குளிர்லயா? கோடையில பார்த்துக்கலாம்ண்ணே."

அப்பா ஃபோனை வைத்துவிட்டு, ஏற்கெனவே அறுத்து வைத்திருந்த பழத்தை ஒவ்வொரு கீற்றாகத் தின்றார். உதட்டோரம் லேசாகச் சொறிந்தார். அவ்வளவுதான். "பாரு, ஒண்ணும் ஆகல" என்றார். பார்ப்பதற்கு நான் ஒருத்திதான்.

பிப்ரவரி பதினொன்றில் மாரடைப்பு. பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

நான் அளந்தது எதுவும் தப்பில்லை. ஒன்பது வருடம் உதடு வீங்கக் காப்பாற்றிய பெயரை, என் பேச்சைக் கேட்ட ஒரே பருவத்தில் அவர் இழந்தார்.

துக்கத்துக்குக் கெல்தியாரும் வந்தான். தேம்பி அழுதான். சேமிப்பறையில் மிச்சமிருந்த பழங்களை அம்மா அறுத்து விரிப்பில் வைத்தாள். அவன் ஒரு கீற்றை எடுத்துக் கடித்தான்.

"என்னா இனிப்பு! அண்ணன் எதுக்குத்தான் தின்ன மாட்டேன்னாரோ."

"மாசிபத்திரி பூக்கறப்ப..." என்று ஆரம்பித்தேன். தலையாட்டிக்கொண்டே இரண்டாவது கீற்றுக்குக் கை நீட்டினான். எங்கள் வீட்டில் யாரும் இன்னும் ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை. அவன் அதைப் பார்க்கவே இல்லை.