வெள்ளிக்கிழமை நர்சும் நானும்

படுத்த படுக்கையானவரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு எந்த ஊரிலும் சங்கம் கிடையாது. இருந்திருந்தால் நான்தான் கொடி ஏற்றியிருப்பேன். என் மனைவி ராஜம்மாளுக்குப் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்காகக் காரிமங்கலம் தாண்டியிருக்கும் எங்கள் ஊருக்கு வெள்ளிதோறும் ஸ்கூட்டரில் ஒரு நர்ஸ் வருகிறாள். பெயர் மேரி. வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் தோழர்களே, அவள் எனக்கு இழைத்தவற்றை வரிசைப்படி வைக்கிறேன். முதலாவது, கட்டிலோரம் இருந்த என் நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். இரண்டாவது, நான் காய்ச்சிய கஞ்சியை ருசி பார்த்து உப்பைக் குறைக்கச் சொன்னாள். மூன்றாவது, ராஜம்மாளைச் சிரிக்க வைத்தாள்.

சீவிய தலை

வெள்ளிக்கிழமை காலையானால் ராஜம்மாளுக்குத் தலை சீவ வேண்டும், துவைத்த ரவிக்கை வேண்டும். மற்ற நாட்களில் நான் கஞ்சி ஊட்டினால் இரண்டு வாயோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். போராட்டம் போராட்டமாக ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவன் நான். ஒரு நாளாவது எனக்காகத் தலை சீவி நின்றாயா என்று கேட்டுவிட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நீங்க போறப்பவும் சொல்லல, வரப்பவும் சொல்லல. அந்தப் புள்ள வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை வருது."

மாத்திரைக்கு எதிராக ஓர் உரை

என்னிடம் வலியே இல்லை என்பவள், இரவெல்லாம் இடுப்பு பிளக்கிறது என்று மேரியிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மார்ஃபின் மாத்திரையை இனி வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னாள் மேரி. வயிறெரிந்து நின்ற எனக்கு அது போதும். சாராயக்கடையை மூட மறியல் செய்தவன் வீட்டுக்குள்ளேயே போதை மருந்தா என்று ஆரம்பித்தேன். துண்டறிக்கைகளில் படித்ததெல்லாம் வந்தது. ஏகாதிபத்தியம் வரைக்கும் போனேன்.

அதற்குள் மேரி முதுகுப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டாள். இவ்வளவு வலி இருக்கிறவர்களுக்கு அது மருந்துதான் என்று அமைதியாக விளக்கினாள். பிறகு சொன்னாள்: "பேசி முடிச்சிட்டீங்கன்னா அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்கய்யா, அம்மாவத் திருப்பணும்."

உள்ளங்கை

போன வெள்ளிக்கிழமை ராஜம்மாளுக்கு மூச்சு வாங்கியது. பாலக்கோட்டிலிருந்து வந்த அவள் தம்பி, சேலத்துக்குக் கொண்டுபோய் மெஷினில் வைத்தே தீரவேண்டும் என்று நின்றான். வீட்டைவிட்டு எங்கேயும் தூக்கிப்போக வேண்டாம் என்று அவள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். தம்பி அதை நம்பவில்லை. மேரி எங்கள் இருவரையும் அடக்கினாள். பக்கத்து வீட்டாரைச் சாட்சிக்கு அழைத்தாள். நினைவு தப்பினால் உங்களுக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று ராஜம்மாளிடமே கேட்டாள்.

நான் தலைமாட்டுக்குப் பின்னால், அவள் கண்ணில் படாமல் நின்றிருந்தேன். ராஜம்மாள் வாய் திறக்கவில்லை. மேரியின் கையைப் பிடித்து இழுத்தாள். இவளைத்தான் சொல்லப் போகிறாள் என்று என் நெஞ்சு எரிந்தது. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்னும் அடிமைப் பழக்கத்தை எதிர்த்து நான் பேசாத மேடையில்லை. என் வீட்டில் மட்டும் அது ஒரு நாளும் எடுபட்டதில்லை. ராஜம்மாள் அந்த உள்ளங்கையில் விரலால் எழுதினாள். மேரி எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "மா... தை... யன். ஐயா பேருதான். எல்லாரும் கேட்டுக்கங்க, மாதையன்."

கல்யாணமான நாளிலிருந்து ராஜம்மாளிடம் கேட்கக் காத்திருந்த என் பெயரையும், கடைசியில் எனக்கு முன்னால் அந்த நர்ஸ்தான் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.