என்னைவிட நீளமான பலகை

எங்கள் கராஜில் வாகனத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பனிச்சறுக்குப் பலகை சாய்ந்து நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் நான் நின்றால் அதன் மூக்கு என் தலைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும். ரோவில் புறநகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஆற்ற இது?" என்று கேட்பார்கள். "இவர் வாங்கினது" என்பேன். அது உண்மைதான். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் எதையும் ஓர் அளவு கூட்டியே வாங்குவோம். மூன்று வயது மகளின் சப்பாத்தின் நுனியில் பஞ்சு இருக்கிறது. அவளுடைய மழைக்கோட்டு கணுக்கால் வரை வரும். மூன்று பேர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு எட்டுப் பேர் இருக்கக்கூடிய வாகனம். வளரும் என்ற நம்பிக்கையில் செய்வதுதான் எல்லாம். என் கணவர் வேலைத்தள நண்பர்களோடு பனிமலைக்குப் போக ஆசைப்பட்ட வருடம், டண்டினொங்கில் பாவித்த சாமான் விற்கும் ஒருவரிடம் இரண்டு பலகைகள் இருந்திருக்கின்றன. ஒன்று கட்டை, மற்றது மிக நீளம்.

"ரெண்டும் ஒரே விலையெண்டா, நீளத்தை விட்டுட்டுக் கட்டையைத் தூக்குறது மடை வேலையெல்லோ?" என்றார் வீட்டுக்கு வந்து.

அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. இனி வளரப்போவதில்லை என்று நான் சொல்லவில்லை.

சாதாரணமாக ஒரு பலகை ஓட்டுபவரின் நாடியளவு வந்தால் போதும். இது ப்ரீரைட் என்று சொல்லப்படும் வகை, அதிலும் மிக நீளமானது. யாரும் மிதிக்காத பெரிய சரிவுகளில், பெரிய உடம்புள்ள ஆண்கள் வேகமாக இறங்குவதற்காகச் செய்யப்பட்டது. என் கணவர் நடுத்தர உயரம். ஒரு காலைப்பொழுது முழுக்க அதில் முயன்று, கடைசியில் இறுகிய பனியில் இடுப்பும் நாரியும் அடிபட விழுந்தார். பிறகு பல கிழமைகள் அலுவலகக் கதிரையில் தலையணை வைத்து இருந்தார். பலகை கராஜுக்குப் போனது.

வாங்கிய சாமான் சும்மா கிடந்தால் எனக்கு நித்திரை வராது. காசு கட்டியும் அவர் எடுக்க முடியாமல் போன ஒரு பாடமும் மிச்சம் இருந்தது. அதனால்தான் நான் போனேன். வேறு காரணம் இருந்ததாக இப்போதும் ஞாபகம் இல்லை.

பாடம் சொல்லித்தந்த பெண்ணுக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் பலகையைப் பார்த்தாள்.

"உங்கள் கணவரும் வருகிறாரா?"

"இல்லை. அவர் பிள்ளையைப் பார்க்கிறார்."

"இது உங்களுக்கானது இல்லை. கீழே கடையில் உங்கள் அளவில் ஒன்று வாடகைக்கு எடுக்கலாம்."

வீட்டில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றை வாடகைக்கு எடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "ஆபத்தா?" என்று கேட்டேன்.

"ஆபத்து என்றில்லை. சரியான கஷ்டமாக இருக்கும்."

கஷ்டம் மட்டும் என்றால் பரவாயில்லை என்றேன்.

கஷ்டமாகத்தான் இருந்தது. என் பாதம் சிறியது, பலகை அகலமானது. பாதத்தை மட்டும் சாய்த்தால் பலகைக்கு விளங்காது. முழு உடம்பையும் சாய்த்து, பிறகு காத்திருக்க வேண்டும். எட்டுப் பேர் வாகனத்தைக் கடையின் கார் பார்க்கில் திருப்புவது போல, வளைவு வருமுன்பே தொடங்க வேண்டும். முதல் வருடம் நான் பெரும்பாலும் இருந்த இடம் பனிதான். இரண்டாம் வருடம் ஒருநாள், பலகையில் காலைப் பூட்டும் கட்டு ஒன்று உடைந்ததால், வேறு வழியில்லாமல் என் அளவுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். எல்லோரும் சொன்னதுபோல அது நன்றாகத் திரும்பியது. அதுதான் பிரச்சினை. நினைத்தவுடன் திரும்பியது. "இந்தப் பக்கம் போகலாமா" என்று மனதில் வந்ததும் அந்தப் பக்கம் போனது. "வேண்டாமோ" என்றதும் மற்றப் பக்கம் போனது. பிற்பகலில் ஆட்கள் உழுதுவிட்ட ஈரப்பனியில் ஒவ்வொரு மேட்டிலும் என் பல் கிடுகிடுத்தது. கீழே வந்து சேர்ந்தபோது ஒரு நாள் முழுக்க என்னோடேயே வாக்குவாதம் செய்ததுபோல இருந்தது.

நான் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். லேபிளை ஒருமுறை பார்ப்பேன், திரும்பப் பார்ப்பேன், ஆள் வாசலைத் தாண்டிய பிறகு கணினியில் இன்னொருமுறை பார்ப்பேன். வீட்டை விட்டு இறங்கினால் காஸ் அடுப்புக்காகத் திரும்பி வருவேன். குழந்தைகள் காப்பகத்துக்கு மத்தியானம் அழைத்து, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்பேன்; அவர்கள் "சாப்பிட்டாள்" என்பார்கள்; தொலைபேசியை வைத்த பிறகு எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டிருக்கலாமே என்று யோசிப்பேன். இதெல்லாம் கவனம் என்று எனக்குச் சொல்லித் தரப்பட்டது. படிக்கும்போது இதற்கு மதிப்பெண்ணும் கிடைத்தது.

நீளப் பலகைக்கு இது எதுவும் கேட்காது. மேலே நின்று எங்கே போவது என்று ஒருமுறை முடிவு செய்ய வேண்டும். அதன்பிறகு நான் எவ்வளவு யோசித்தாலும் அது போய்க்கொண்டிருக்கும். மேடு பள்ளங்களின் மேலால் ஒரு பெரிய மேசையைப்போல அசையாமல் போகும். வேகம் கூடக் கூட நடுக்கம் குறையும். ஆழமான பனியில் மூக்குத் தானாக மேலே எழும், சத்தம் முழுக்க நின்றுவிடும். அந்த நேரத்தில் நான் அடுப்பை நினைப்பதில்லை. நினைக்கவில்லையே என்பதும் கீழே வந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. மலைக்குப் போனால் என் கணவர் மகளோடு சறுக்கு வண்டி விடும் இடத்தில் நிற்பார். அங்கிருந்து மேலே ஒன்றும் தெரியாது. சாமான் வீணாகக்கூடாது என்று நான் போய் வருவதாக அவர் நினைத்திருந்தார்.

போன குளிர்காலம், நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து மச்சாள் அழைத்தார். என் கணவரின் அக்கா. அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானும் அளவானவரிடம் போகும். மகளின் தொட்டில் அங்கிருந்து வந்தது. என் பிள்ளைத்தாய்ச்சி உடுப்புகள் அங்கே ஒரு சொந்தக்காரிக்குப் போயின. யாரும் அனுமதி கேட்பதில்லை. யாருக்குப் பொருந்துமோ அவருடையது.

"தம்பி, உன்ர அத்தானுக்கு இப்ப பனிப் பைத்தியம்" என்றார் மச்சாள் ஸ்பீக்கரில். "வயசு போன நேரத்தில. அவற்ற உயரத்துக்கு வாடகைப் போர்ட் ஒண்டும் சரிவரேல்லையாம். உன்ர கராஜில ஒண்டு சும்மா நிக்குதெல்லோ?"

"ஓம் ஓம், வரேக்க கொண்டு போங்கோ. எனக்கு அதைப் பாத்தாலே நாரி நோகுது" என்றார் என் கணவர். பிறகு என்னிடம், "நீர் என்ன சொல்லுறீர்?"

"ஓம், அதுக்கென்ன" என்றேன்.

தோசை கருகிவிட்டது. நான் யோசிக்காமல் சொல்லும் ஒரே வசனம் அந்த 'அதுக்கென்ன'தான்.

அன்றிரவு அவர், "உமக்குக் கட்டையா, உம்மட அளவுக்கு வடிவான ஒண்டு வாங்குவம்" என்றார். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அளவான ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னது அதுவே முதல் தடவை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால் என் பதில் இன்னும் கடினமானது. வேண்டாம் என்று சொல்ல ஒரு வசனம் யோசித்தேன். அடுத்த நாள் அதைத் திருத்தினேன். அவர்கள் வந்து சேரும் வரை திருத்திக்கொண்டிருந்தேன்.

பாடசாலை விடுமுறையில் அவர்கள் இருவரும் வந்தார்கள். எட்டுப் பேர் வாகனத்தில் முதல்தடவையாக ஐந்து பேர் ஏறினோம். மகளின் மடியில் பொரித்த ரோல்ஸ் பெட்டி, கூரையில் பலகை. மலையில் வானம் மூடியிருந்தது. மகள் வருங்கால அளவில் வாங்கிய பனிக்கோட்டுக்குள் இருந்து இரண்டு கண்களால் எல்லாவற்றையும் பார்த்தாள்.

அண்ணா முதலில் போனார். மச்சாளின் கணவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி மனிதர். பலகை அவர் மூக்களவுதான் வந்தது.

"பாத்தியே, அவருக்கெண்டே செய்தமாதிரி" என்றார் மச்சாள்.

செய்தது அவருக்காகத்தான். இலேசான சரிவில் மெதுவாக, கைகளை விரித்தபடி இறங்கி வந்து, விழாமல் நின்றார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நல்ல சாமான். ஆனா திரும்பச் சொன்னாத் திரும்புதில்லை. ஏதோ யோசிச்சுத்தான் திரும்புது. பரவாயில்லை, பழகலாம்." பிறகு சிரித்துக்கொண்டு, "நீரும் இதிலதான் போறனீராம்? எங்க, ஒருக்கா ஓடிக் காட்டும், பாப்பம்."

"சும்மா இருங்கோப்பா" என்றார் மச்சாள். "சின்னப் பிள்ளைக்காரி. கைகால் முறிஞ்சா ஆர் பாக்கிறது?"

அது நானும் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்விதான். பலகையை வாங்கிக்கொண்டு கதிரை லிஃப்டுக்குப் போனேன். ஏறும்போது, இதுதான் கடைசித் தடவை, ஒழுங்காக இறங்கி ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பாதி வழியில் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். உச்சியில் இறங்கும்போது திரும்பவும் கொடுப்பதாக இருந்தது.

மேலே, பட்டை உரிந்து பச்சையும் சிவப்புமாக நிற்கும் யூகலிப்டஸ் மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. காற்று பனியை அள்ளி அதற்குள் போட்டிருந்தது. யாரும் மிதித்திருக்கவில்லை. அதற்குக் கீழே பெரிய சரிவு, அதற்கும் கீழே நீண்ட சமதரை. அந்தச் சமதரையில் சாதாரணப் பலகைக்காரர் எல்லோரும் நின்றுபோய், பலகையிலிருந்து ஒரு காலைக் கழற்றித் தள்ளித் தள்ளி நடப்பார்கள். வேகத்தோடு வந்தால் நீளப் பலகை மட்டும் அதைத் தாண்டிப் போகும். எங்கள் ஆட்கள் நின்றது அந்தச் சமதரையின் நடுவில். கார் நிறுத்துமிட வேலி அதன் முடிவில். வேலிக்கு முன்னால் நிற்பது என்று முடிவு செய்து இறங்கினேன்.

பள்ளத்துக்குள் மூக்கு எழுந்தது. சத்தம் நின்றது. சரிவில் மூன்று பெரிய வளைவுகள்தான். பிறகு நேரே விட்டேன். தூரத்தில் எங்கள் ஆட்கள் சிறிதாகத் தெரிந்தார்கள், உடனே பெரிதானார்கள்.

"ஐயோ, வாறாள்! பிடியுங்கோ அவளை!" என்று மச்சாள் கத்தியது கேட்டது. அண்ணா கோழி பிடிப்பவரைப்போல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தார். என் கணவர் ஒரு கையில் ரோல்ஸும் மற்றக் கையில் மகளுமாக நின்றார். எல்லோரையும் கடந்து போனேன். வேலிக்கு முன்னால் ஒரு வளைவு எடுத்து நின்றேன்.

ஓடி வந்தார்கள். முதலில் வந்தது மச்சாள்.

"பிறேக் பிடிபடேல்லையோ?"

"இல்லை மச்சாள். இதிலதான் நிக்கிறதெண்டு மேலயே நினைச்சனான்."

"அகெய்ன்" என்றாள் மகள்.

நான் குனிந்து கட்டுகளைக் கழற்றினேன். கிழமைக்கணக்கில் திருத்திய வசனத்தின் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை.

"அண்ணா, இதை நான் தரேல்லை."

என் கணவர் கையில் இருந்த ரோல்ஸைப் பார்த்தார்.

"நீர் ஓமெண்டு சொன்னனீரெல்லோ?" என்றார்.

"ஓமெண்டுதான் சொன்னனான். இப்ப இல்லையெண்டு சொல்லுறன்."

"உமக்கு அது பெரிசெல்லோ?" என்றார் மச்சாள். கோபம் இல்லை, உண்மையிலேயே விளங்கவில்லை.

"ஓம் மச்சாள். பெரிசுதான்."

"பெரிசெண்டா?"

"பெரிசெண்டபடியாத்தான்."

அண்ணா என் தடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து வேலி வரை ஒரு கோடு. "விடப்பா" என்றார் மச்சாளிடம். "அந்தச் சாமான் என்னோட கதைக்கேல்லை." பிறகு பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார்.

வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு வளைவிலும், கொடுத்துவிடலாமோ என்று யோசித்தேன். ஒவ்வொரு வளைவும் முடியும்போது வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நாள் காலை அவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று, ஒரு தெருவுக்கே சமைக்கக்கூடிய எங்கள் பெரிய சட்டியை மச்சாளுக்குக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "இது எனக்கு அளவு" என்றார். அவர்கள் போன பிறகு என் கணவர் கராஜில் பலகையின் பக்கத்தில் சிறிது நேரம் நின்றார். "நீர் உப்பிடிப் போவீரெண்டு எனக்குத் தெரியாது" என்றார். கட்டையான பலகை பற்றிப் பிறகு பேச்சில்லை.

மச்சாளுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதினேன். நீளமாக இருந்தது, குறைத்தேன். குறைத்தது திமிராகத் தெரிந்தது, நீட்டினேன். கடைசியில் "போய்ச் சேர்ந்திட்டீங்களோ?" என்று மட்டும் அனுப்பினேன். "ஓம்" என்று பதில் வந்தது.

சில கிழமைகள் கழித்து ஒரு படம் வந்தது. குவேக்கர்ஸ் ஹில் வீட்டு முற்றத்தில் அண்ணா நிற்கிறார். பக்கத்தில் ஒரு புதுப் பலகை, அவர் தலையையும் தாண்டி நிற்கிறது. கீழே மச்சாள் எழுதியிருந்தார்: "உம்மடதைவிட நீளம். கட்டையானதும் இதே விலைதான்."

அது அவருக்குப் பெரிது என்று எழுதினேன். அழித்தேன். "நல்லா இருக்கு, அண்ணாவைத் திரும்புறதுக்கு முதலே சாயச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனேன்.