வேரில் இருந்த கட்டி

என் மாமியார் புல்லுக்கு எமன். மலாயாவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருவரும் களையெடுக்கும் கூட்டத்தில் இருந்தோம். மரத்தடியில் பச்சையாக எது தலைகாட்டினாலும் பிடுங்கிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். கூட்டிப் பெருக்கிய வாசல்போல் தரை இருந்தால்தான் துரைக்குத் திருப்தி. மழை வந்தால் அந்த வாசல் அப்படியே கரைந்து, செம்மண் குழம்பாக, மலாய்க்காரர் குடியிருந்த கம்போங் பக்கத்து ஓடையில் இறங்கும். மண் போனால் யாருக்கென்ன? எங்களுக்குக் கங்காணியின் வாயைப் பற்றித்தான் கவலை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. வேலையில்லாத ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பத் தொடங்கினார்கள். மாமியாருக்குக் கண் மங்கல், பால்வெட்டப் போக முடியாது. களையெடுப்பு ஒன்றுதான் அவரைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தது. ஊரில் அவருக்கு ஒருவரும் இல்லை. மாமனாரைப் புதைத்ததும் இங்கேதான். "அங்க போயி யார் வாசல்ல நிப்பேன்?" என்று விளையாட்டுப்போலச் சொல்வார்.

அந்த நேரம் பார்த்துப் புதுத் துரை வந்தார். இளமரங்கள் நின்ற மேட்டுக் காட்டில் அவரைக்காய்க் கொடி மாதிரி ஒன்றின் விதையைப் போடச் சொன்னார். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விளக்கினார்: கொடி படர்ந்து தரையை மூடினால் மண் கரையாது, வெயில் படாமல் களையும் முளைக்காது. 'களை முளைக்காது' என்றதோடு மாமியாருக்குக் காது அடைத்துவிட்டது.

கொடி முழ நீளம் வளர்ந்திருந்தபோது, அவர் ஒன்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார்த்தார். வேரெல்லாம் கடுகும் மிளகுமாக உருண்டைகள். எங்களுக்கு வேர் என்றாலே பயம். ரப்பர் வேரில் வெள்ளையாக நூல் ஓடினால் தோண்டி எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து மரத்துக்கும் பரவும் என்று சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

"புள்ள, இங்க பாரு. கட்டி கட்டியா தட்டுப்படுது. இது நோவு புடிச்ச கொடி," என்றார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

கங்காணிக்கும் அது நோயாகத்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஒரு சரிவையே பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தோம். அவ்வளவு உற்சாகமாக நாங்கள் வேலை செய்ததே இல்லை. பச்சைக் கொடி லேசில் எரியுமா? புகைந்தது. அந்தப் புகையைப் பார்த்துத்தான் துரை ஓடி வந்தார்.

அவர் கத்தியதைக் கிராணி பாதியாகக் குறைத்துத் தமிழில் சொன்னார். "அது நோவு இல்லம்மா. அந்த உருண்டைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசிரு இருக்கு. காத்துல உள்ள சத்தைப் புடிச்சுக் கொடிக்குக் குடுக்குது. கொடி அதுக்குச் சோறு போடுது. இலை உதிர்ந்து மக்கினா மண்ணுக்கு உரம்."

"காத்துல உரமா?" என்று கங்காணி வானத்தைப் பார்த்தார்.

மறுபடி விதைத்தோம். கொடி மளமளவென்று படர்ந்தது. மழைக்குப் பிறகும் ஓடை தெளிவாக ஓடியது. அதைப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது. ஆனால் களைக்கூட்டத்தைக் குறைத்தார்கள். அடுத்த கப்பலுக்கு யார் யார் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் பேச்சு. மாமியார் தகரப் பெட்டியைத் துடைத்து வாசலில் காயவைத்தார். எனக்கு அழுகை வந்தது.

அவரைக் காப்பாற்றியது அந்தக் கொடியேதான். தரையோடு நிற்காமல் இளமரங்களைச் சுற்றி ஏறி, கிளைகளை அமுக்கத் தொடங்கியது. ஏறும் கொடியைப் பிரித்துவிட்டு, மரத்தடியை மட்டும் வட்டமாகச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்றார் துரை. கண் தெரியாவிட்டாலும் தடவித் தடவியே செய்துவிடலாம். கங்காணி மாமியாரைக் கூப்பிட்டார், கூடவே என்னையும்.

முதல் நாள் அவர் ஒவ்வொரு மரத்திலும் கொடியை நிதானமாகப் பிரித்துக் கீழே விட்டார். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தளிர் மட்டும் சுற்றியபடியே நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"அது கெடக்கட்டும் புள்ள. எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துட்டா, நாளைக்கு நான் எதுக்கு வர்றது?"