யானை பார்க்கப் போன சம்சாரி வீடு

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: காட்டில் நிற்கிற யானையைப் பார்க்க வேண்டும். கோயில் யானை என்றால் பழனியே போதும். எனக்கு வேண்டியது சங்கிலியும் பாகனும் இல்லாமல் தன்பாட்டுக்குத் திரிகிற யானை. பொள்ளாச்சி மர டிப்போவில் வேலை பார்க்கும் என் அண்ணன், டாப்சிலிப் காட்டு பங்களாவில் ஒரு ராத்திரி தங்க அனுமதி வாங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பினான். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. வியாழக்கிழமைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை பங்குக் கிணற்றில் எங்கள் முறை. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தக்காளிக்கும் கடலைக்கும் அந்தத் தண்ணீர்தான். முறையை விட்டால் மறுபடி வர நாலு நாளாகும். பங்காளிகளிடம் போய் விட்டுக்கொடு என்று கேட்கிற அளவுக்குச் சுமுகம் கிடையாது. நாற்று நட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

திங்கள் காலை திண்டுக்கல்லில் ரயில் ஏறினோம், நாங்களும் எங்கள் மகள் செல்வியும். பொள்ளாச்சி சுமார் எழுபத்தைந்து மைல். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். ஒட்டன்சத்திரத்தில் கத்தரிக்காய்க் கூடைகள் ஏறின. அதற்கப்புறம் பெட்டிக்குள் பேச்செல்லாம் 'ஏனுங்க', 'வாங்க' என்று மாறிவிட்டது. கண்ணில் விழுந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டே பொள்ளாச்சியில் இறங்கி, அண்ணன் வீட்டில் தங்கினோம்.

செவ்வாய் மத்தியானம் மரம் ஏற்றப் போகும் லாரியில் கிளம்பினோம். இருபது மைலுக்குக் கொஞ்சம் கூட. சேத்துமடை தாண்டியதும் வெயில் பின்வாங்கிவிட்டது. மூங்கிலும் தேக்கும் போய், அண்ணாந்தால் உச்சி தெரியாத மரங்கள் வந்தன. டிரைவரிடம் யானை கண்ணில் படுமா என்று கேட்டேன். "நாம பாக்கோணும்னு அது வராதுங்க. அதுக்காத் தோணோணும்" என்றார். எனக்கு மனசு சப்பென்று ஆகிவிட்டது.

பங்களா ஓட்டுக் கட்டடம், முன்னால் வராந்தா. எதிரே புல்வெளி, அதன் ஓரத்தில் காவல்காரர் போட்ட சின்ன வாழைத்தோட்டம். சாயங்காலம் மலையணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவியது. எங்கள் ஊர்க் கீரிப்பிள்ளையைவிடப் பெரிசு. கருமந்திகள் உறுமின. செல்வியின் காலில் ஏறிய அட்டையை எடுக்க உப்புத் தேடி அலைந்தோம். எல்லாம் பார்த்தாயிற்று, யானையைத் தவிர.

புதன் விடிகாலை. நான் பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "ஓ... ஓஹோய்!" கூடவே தகரத்தை அடிக்கிற சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? கடலை விளைகிற காலமெல்லாம் காட்டுப்பன்றியை விரட்ட என் வீட்டுக்காரர் பரண்மேல் நின்று போடுகிற சத்தம்! ஓடி வந்து பார்த்தால், தண்ணீர்த் தகரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் வராந்தாவில் நிற்கிறார். மரங்களுக்குள் ஒரு கறுத்த பின்புறமும் வாலும் மறைந்துகொண்டிருந்தன. தூக்கக் கலக்கத்தில் கண் விழித்தவர், வாழைத்தோட்டத்தில் கறுப்பாக ஏதோ இறங்குவதைத்தான் பார்த்திருக்கிறார். யார் வெள்ளாமையாக இருந்தால் என்ன, கையும் வாயும் சும்மா இருக்குமா? நாலு யானை, ஒன்று குட்டி என்று செல்வி சொன்னாள். குட்டியோடு வந்தது திரும்பிப் பாயாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் என்று காவல்காரர் அவரை நன்றாகக் கடிந்துகொண்டார்.

நான் உள்ளே போனேன். மூட்டையைக் கட்டினேன். பத்து வருஷத்துக்கு ஒரு வால்!

மத்தியானம் லாரி வந்து ஹாரன் அடித்தது. அதில் போனால்தான் வியாழன் காலை கிணற்றடியில் நிற்க முடியும். அவர் டிரைவரிடம் போய் என்னவோ சொன்னார். லாரி எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. பங்களாவுக்கு வேறு யாரும் வரவில்லை, இன்னொரு ராத்திரி இருந்துகொள்ளலாம் என்று காவல்காரரும் ஒத்துக்கொண்டாராம்.

"முறை போனாப் போகுது. இருந்து பாத்துட்டே போவோம்" என்றார் என்னிடம். நாற்று என்னவாகும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, எனக்கு அம்புட்டு ஆசை.

வியாழன் விடியலில் அதே நாலும் வந்தன. பனிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் வந்து, நேரே வாழைக்குள் இறங்கின. தாய் ஒரு வாழையை மிதித்துச் சாய்த்துத் தண்டைக் கிழித்தது. குட்டி அதன் காலுக்குள் புகுந்து புகுந்து வந்தது. பக்கத்தில் ஏதோ முனகல். திரும்பினால், என் வீட்டுக்காரர் மேல்துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வாழை சாயும்போதும் உடம்பு தூக்கிப் போடுகிறது. யானையைச் செத்த நேரம் பார்த்தேன், அவரைச் செத்த நேரம் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஊர் வந்து சேர்ந்தோம். காட்டில் கையை நீட்டினால் ஈரம். இங்கே வரப்பு வெடித்துக் கிடந்தது. மேட்டுப் பாத்தி நாற்றெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. பங்காளி ஒருத்தர் வரப்பில் நின்று, என்னப்பா இப்படிப் போச்சு என்று கேட்டார்.

"அதுவா? யானை மேஞ்சிருச்சு" என்றார் இவர்.