என் பெயரில் இருந்த லொறி

போர் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். முந்தலுக்கு மேற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். அந்த நாட்களில் லீசிங் கொம்பனிக்காரர்கள் கோயில் திருநாளுக்கே கூடாரம் அடித்துக்கொண்டு வந்து, மாதத் தவணைக்கு வாகனம் எடுக்கச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார்கள். நானும் போய் விழுந்தேன். சிலாபம் சந்தைக்கு மீன் ஏற்றிப் போக ஒரு சின்ன லொறி எடுத்தேன். வாகனப் புத்தகத்தில் என் பெயர் இருந்தது. முழு உரிமையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர் இருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. கண்ணாடியில் மாதா படம் ஒட்டி, சுவாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, ஊரைச் சுற்றி ஓட்டியவனுக்கு அது தன் லொறி இல்லை என்று எப்படித் தோன்றும்?

ஒன்றரை வருடத்தில் மீன்பாடு குறைந்து, லொறியை வைத்திருக்க முடியாமல் போனது. தங்கச்சியின் கணவர், என் மச்சான், "நான் ஓட்டுறன், மிச்சத்தையும் நானே கட்டுறன்" என்றார். முறைப்படி மாற்றுவதென்றால் கொம்பனிக்கு அலைய வேண்டும், பிணைக்கு ஆள் தேட வேண்டும். எங்கள் கரையில் அதெல்லாம் யாரும் செய்வதில்லை. திகதி போடாத பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து வைத்து லொறித் திறப்பைக் கொடுத்தால் விற்றாயிற்று. கொம்பனியில் என் பெயரே இருந்ததால் மச்சான் மாதாமாதம் என்னிடம் காசைத் தருவார், நான் புத்தளத்துக்குப் போய்க் கட்டுவேன். சொந்தத் தங்கச்சியின் கணவருக்குக் காசு வாங்கியதற்குத் துண்டு எழுதிக் கொடுப்பதா? அவரும் கேட்கவில்லை.

முதலில் ஒழுங்காகத்தான் கட்டினேன். பிறகு நான் கடலுக்குப் போகிற போட்டின் எஞ்சின் பழுதானது. மச்சானின் காசை எடுத்துத் திருத்தினேன். மீன் பட்டதும் சேர்த்துக் கட்டலாம் என்று மூன்று மாதம் ஓடியது. கொம்பனியின் கடிதங்கள் புத்தகத்தில் இருந்த முகவரிக்கு, அதாவது என் வீட்டுக்கு, வந்தன. வாசித்துவிட்டு அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். மச்சானிடம் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் காலை தங்கச்சிக்குத் தலையிடி, குடித்த தேத்தண்ணியும் சத்தியாய் வந்துவிட்டது. ஒரு கை விறைக்கிறது என்றாளாம். மச்சான் அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு சிலாபம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். முந்தலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மூன்று பேர் மறித்தார்கள். கொம்பனிக்காக வாகனம் பிடிக்கிற ஆட்கள். மச்சான் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினாராம். "இதில உங்கட பேரே இல்லையே" என்று சிரித்திருக்கிறார்கள். இவளை ஆஸ்பத்திரியில் விட்டதும் நானே லொறியைக் கொண்டுவந்து தருகிறேன் என்று கும்பிட்டும் கேட்கவில்லை. இருவரையும் தெருவில் இறக்கிவிட்டு லொறியைக் கொண்டுபோய்விட்டார்கள். ஓட்டோ ஒன்று கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பாரிசவாதம். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று டொக்டர் கேட்டாராம். தங்கச்சிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப் போனது.

இரண்டு நாள் கழித்து மச்சானும் நானும் கொம்பனிக்குப் போனோம். மச்சான் சண்டை பிடிக்கவே வந்தார். அங்கிருந்த அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, மச்சானை வெளியே இருக்கச் சொன்னார்.

"புத்தகத்தில பேர் இருக்கிற ஆளோட மட்டும்தான் நாங்க கதைப்பம்."

உழைத்துக் காசு கொடுத்தவர் கதவுக்கு வெளியே நின்றார். அதைத் தின்றவன் உள்ளே கதிரையில் இருந்தேன். கட்டாத மூன்று மாதத்தையும் அதிகாரி விரல் வைத்துக் காட்டினார்.

"என்னவாம் மச்சான்?" என்று நான் வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"அவங்கட பக்கம்தான் ஏதோ பிழை. ஒத்துக்கொள்ளுறாங்க இல்ல" என்றேன்.

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய்! வீடு வரும்வரை மச்சான் கொம்பனியைத் திட்டிக்கொண்டு வந்தார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

லொறி ஏலத்தில் போனது. மச்சான் மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போகத் தொடங்கினார். நான் கிழமைக்குக் கிழமை தங்கச்சிக்கு மீனும் மருந்தும் கொண்டுபோனேன். அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று ஊரில் கதைத்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது.

அடுத்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்னிடம் சொன்னால் போதாது, அந்த மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார் சுவாமியார். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மச்சானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்களையும் கொடுத்தேன். அடிப்பார் என்று நின்றேன். அவர் ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துத் திகதியைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் என் முகத்தைப் பாராமலே சொன்னார்.

"அவளுக்குச் சொல்லாதீங்க. அண்ணன், அண்ணன் எண்டுதான் அவ உயிரோட இருக்கா. வீட்டுக்கு வாறத நிப்பாட்டவும் வேணாம். நான் கடலுக்குப் போன நேரம் பார்த்து வாங்க. என்னோட இனிக் கதைக்க வேணாம்."

அதற்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை. அவர் போட் வெளிக்கிட்டதை உறுதிப்படுத்திக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போகிறேன். தங்கச்சி இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "அண்ணே, நீ இல்லாட்டி நாங்க என்ன செய்வம்" என்று குழறிக் குழறிச் சொல்கிறாள். எந்த நீதிமன்றமும் எனக்குத் தராத தண்டனையை, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, அவள் நன்றி சொல்லிச் சொல்லி எனக்குத் தந்துகொண்டிருக்கிறாள்.