மணிக்கொரு விலை

பெனுவா தொனாருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் மருத்துவம் படிக்காமல், மருத்துவமனைகளை எப்படி நடத்த வேண்டும் என்று எழுதும் வேலைக்குப் போனார். வீட்டில் மின்சாரம் போனால் ஃப்யூஸ் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று மனைவி ஒதிலைத்தான் கேட்பார். ஆனால் ஐரோப்பா முழுக்க மின்சாரத்தை எப்படி விற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காப்புரிமையைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகமே எழுதியிருந்தார். அதிலிருந்து ஒரு வரியைக்கூட இதுவரை யாரும் திருடவில்லையே என்பதுதான் தன் மனக்குறை என்று விருந்துகளில் அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அது கொஞ்சம் வலிக்கும்.

அவர் வேலை பார்த்த ஆய்வு மையம் பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஆணையத்தின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்தெருவில், ஒரு சாண்ட்விச் கடைக்கு மேலே இருந்தது. சந்தையை அதன் போக்கில் விட்டால் நோயாளிக்கும் நல்லது, மின்சாரம் வாங்குபவருக்கும் நல்லது, மருந்து கண்டுபிடிப்பவருக்கும் நல்லது என்று ஆதாரத்தோடு சொல்வது அதன் தொழில். லியேஜ் நகராட்சியில் குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற அப்பாவுக்கு மகனின் உத்தியோகம் கடைசிவரை பிடிபடவே இல்லை.

"உனக்குச் சம்பளம் யாரு தர்றாங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

"நன்கொடைப்பா."

"அப்போ உங்க ஆபீஸ்லயே வியாபாரம் இல்லையா?"

பெனுவா சூப்பைக் குடித்தார். அதற்குப் பதில் எழுத வேண்டுமானால் இன்னொரு அறிக்கை தேவைப்பட்டிருக்கும்.

ஒரு வசந்தகாலத்தில் மையத்தின் இயக்குநர் டோர்கெல் அவரைக் கூப்பிட்டார். டோர்கெல் சுவீடன்காரர், மெதுவாகப் பேசுவார், வேகமாக வேலை கொடுப்பார். மின்சாரத்துக்கு மணிக்கு மணி விலை மாறினால் ஜனங்கள் புத்திசாலித்தனமாகச் செலவழிப்பார்கள் என்று பெனுவா எழுதிய அறிக்கை மேசைமேல் கிடந்தது.

"நல்லா இருக்கு. ஆனா இதுல மனுஷங்களே இல்லையே," என்றார் டோர்கெல். "நெஜமா ஒரு கட்டடம், நெஜமா குடியிருக்கிற ஆளுங்க, அப்படி ஒண்ணு வேணும்."

பெனுவாவுக்குத் தெரிந்த நிஜக் கட்டடம் ஒன்றுதான். பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் அவர் குடியிருந்த ஆறுமாடிக் குடியிருப்பு.

அந்தக் குடியிருப்பின் உரிமையாளர்கள் கூட்டத்தில் அவர் பேசியதை நல்ல பேச்சு என்று ஒதில்கூட ஒப்புக்கொண்டாள். லிஃப்ட், மாடிப்படி விளக்கு, வீடுகளைச் சூடாக்கப் பழைய எண்ணெய்க் கொதிகலனுக்குப் பதிலாகப் புதிதாக வைத்த மின்சார வெப்ப இயந்திரம் எல்லாம் பொதுக் கணக்கு. அந்தப் பொதுக் கணக்கை மணிக்கொரு விலைத் திட்டத்துக்கு மாற்றிவிட்டால் எல்லாருக்கும் லாபம் என்றார். மூன்றாம் மாடி ரீனோ மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கக் கூட்டங்களில் ஊறிய ஆள்.

"வெலை ஏறினா என்ன பண்றது, டாக்டரே?" என்றார். பெனுவாவின் முனைவர் பட்டத்தை ரீனோ ஒருநாளும் மறந்ததில்லை.

"ஏறுற நேரத்துல கொறைச்சுப் பயன்படுத்துவோம்."

"ஜனவரி சாயங்காலத்துல குளிரையும் கொறைச்சுப் பயன்படுத்தலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் கைதூக்கினார்கள். ரீனோவும் தூக்கினார், வேடிக்கை பார்க்கலாம் என்று.

கோடையில் பெனுவா அந்தக் கட்டடத்தின் நாயகனாகவே இருந்தார். வெயிலும் காற்றும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். அவர் மலிவான நேரத்தை எழுதி வாசல் கண்ணாடியில் சீட்டு ஒட்டுவார். ஜனங்கள் துணிக்கூடையோடு பொதுச் சலவை இயந்திரம் இருந்த நிலவறைக்கு இறங்குவார்கள். ரீனோ ஒரு பாட்டில் வெர்மூத் ஒயினைக் கொண்டுவந்து, "சந்தைக்கு" என்று சொல்லிக் கோப்பையை உயர்த்தினார். பெனுவா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். டோர்கெலுக்கு அன்றே ஓர் அத்தியாயம் போனது.

ஜனவரி வந்தது. மூடுபனி நகரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. காற்றாலைகள் நின்றன. சாயங்கால விலை எகிறியது. குளிர்காலத்தின் முதல் மின்கட்டண ரசீது வந்ததும் கட்டடமே அவர் கதவைத் தட்டியது. பெனுவா கலங்கவில்லை, அறிக்கையில் எழுதியபடியே நடந்தார். விலை உச்சத்தில் இருக்கும் சாயங்காலங்களில் லிஃப்ட்டை நிறுத்திவிடலாம் என்றார். கண்ணுக்குத் தெரிந்த பெரிய இயந்திரம் அதுதான். எல்லாருக்கும் சரியென்று பட்டது.

முதல்நாள் சாயங்காலமே ஆறாம் மாடி மதாம் வைட்ஸ் கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய விதவை. ஒரு பையில் வெங்காயத்தாள் போன்ற லீக் கட்டு, இன்னொரு பையில் தண்ணீர் பாட்டில்கள்.

"தம்பி, உங்க சந்தை இதை மேல கொண்டுபோயிடுமா?"

"நானே கொண்டுவரேன், மதாம்."

மேலே போய்ச் சேர்ந்ததும் மதாம் பர்ஸைத் திறந்தார். பெனுவா மறுத்துவிட்டார். தன் யோசனையால் ஒரு கிழவிக்கு வந்த கஷ்டத்துக்குக் கூலி வாங்குவதா என்று வெட்கப்பட்டார். அங்கேதான் தப்புப் பண்ணினார்.

மறுநாள் ஐந்தாம் மாடித் தம்பதி குழந்தை வண்டியோடு நின்றார்கள். அதற்கடுத்த நாள் யாரோ ஓர் அலமாரி வாங்கி வந்திருந்தார்கள். காலையிலேயே கடைக்குப் போகக்கூடிய மதாம் வைட்ஸ் சாயங்காலமாகப் பார்த்துப் பூனையின் கழிப்புத் தட்டுக்கான மணல் மூட்டையை வாங்கினார். விலை வைக்காத சேவைக்குக் கூட்டம் வரம்பில்லாமல் சேரும் என்பது மருத்துவமனைகளைப் பற்றிய பெனுவாவின் மூன்று அறிக்கைகளின் சாரம். இப்போது அவரே அந்த இலவச மருத்துவமனை. மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நான்காம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கும்போது, தன் வாதம் எவ்வளவு சரி என்று நினைத்து அவருக்குக் கசப்பாகச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஒரு கருத்தை உடம்பால் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

"காசு கேளேன்," என்றாள் ஒதில்.

"எப்படிக் கேக்கறது?"

"இருபது வருஷமா ஐரோப்பாவுக்கே அதைத்தானே சொல்லிக்குடுக்கறே."

"அது எழுத்து. இது வைட்ஸ் அம்மா."

மறுவாரம் பெனுவாவின் முழங்கால் பூசணிபோல வீங்கியது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுக்க வேண்டும், தேதி கிடைக்க மார்ச் ஆகலாம் என்றார். சிகிச்சைக்கான காத்திருப்பைக் குறைக்கும் வழிகள் என்று பெனுவா எழுதிய அறிக்கை அந்த டாக்டரின் தெருக்கோடி நூலகத்திலேயே இருந்தது.

"அதுவரைக்கும் மாடி ஏறாதீங்க," என்றார் டாக்டர்.

"சாயங்காலத்துல லிஃப்ட்டை நிறுத்தி வெச்சிருக்காங்க, டாக்டர்."

"அடடா. யார் அந்த முட்டாள்?"

பெனுவா கோட்டை மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் படியடியில் நின்றவரை ரீனோ பார்த்தார். தோளைக் கொடுத்தார். இரண்டாம் மாடிவரை கேலி பண்ணாமல் பொறுத்தார்.

"நான் ட்ராம் ஓட்டின காலத்துல, ஏத்தின ஆளை எறக்கிவிடறது எங்க பொறுப்பு," என்றார். "உங்க சந்தையில எப்படி?"

"எங்க சந்தையில ஏறினவன் பொறுப்பு."

"அப்போ கையை விடட்டுமா?"

"வேணாம், ரீனோ."

மறுபடியும் கூட்டம் கூடியது. தியாகம் வீண்போகவில்லை என்று காட்ட, பெனுவா மின்கணக்கை வண்ணக் கோடுகளாக வரைந்து சுவரில் விழவைத்தார். முழங்காலை ஒரு நாற்காலியில் நீட்டியபடி விளக்கத் தொடங்கினார். சிவப்புக் கோடு மலைபோல எழுந்து நின்றது. கீழே ஒரு பச்சைக் கோடு தரையோடு தரையாக ஓடியது.

"அந்தச் செவப்பு என்ன?" என்றார் ரீனோ.

"வெப்ப இயந்திரம்."

"நூல் மாதிரி கீழே ஓடுதே, பச்சை?"

பெனுவா சுவரைப் பார்த்தார். முந்தினநாள் படத்தை அழகாக வரைவதிலேயே மும்முரமாக இருந்ததில், அதைப் படிக்க விட்டுப்போயிருந்தது.

"அது லிஃப்ட்," என்றார்.

நிறுத்துவதற்கு முன்னால் ஓடிய லிஃப்ட்டும் அதே நூல்தான், நிறுத்தியதால் மிச்சமானது ஒன்றுமில்லை. முதலில் சிரித்தவர் மதாம் வைட்ஸ். பிறகு பெனுவாவும் சிரித்தார். வேறு வழியில்லை, அதோடு உண்மையிலேயே சிரிப்பாகவும் இருந்தது.

லிஃப்ட் அன்றே ஓடியது. வெப்ப இயந்திரத்தை மதியத்திலும் விடியற்காலையிலும் சூடேற்றவிட்டு, சாயங்காலம் ஓய்வு கொடுத்தார்கள். ரசீது இறங்கியது. பெனுவா நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். டோர்கெல் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அந்தப் பூனை மணலை எடுத்துடலாமா?"

"அதுதான் இதுல இருக்கற ஒரே மனுஷ விஷயம்."

டோர்கெல் பெருமூச்சு விட்டு அதை அடிக்குறிப்பில் சேர்த்தார்.

வருடாந்தரக் கூட்டத்தில் உரிமையாளர் குழுவுக்குப் புதுத் தலைவர் தேவைப்பட்டார். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் உண்டு. யாரும் முன்வரவில்லை. ரீனோ எழுந்து பெனுவாவின் பெயரைச் சொன்னார்.

"ஏன் நான்?" என்றார் பெனுவா.

"உங்களைத் திட்டறது எங்க எல்லாருக்கும் பழகிப்போச்சு, டாக்டரே. புது ஆளுன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒதிலின் கை உட்பட. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு பெனுவாவுடையது. மறுநாள் காலை அவர் காப்பியை வாயில் வைப்பதற்குள் மழைநீர்க் குழாய் ஒழுகுவதாக ஐந்தாம் மாடியிலிருந்து ஆள் வந்தது.