அருமைராசா காரை விட்டு இறங்கிய நாள்

மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அருமைராசாவுக்கு வயது அறுபத்தெட்டு. பேசாலையில் பிறந்தவர். 1988 ஒக்ரோபரில் மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்யும் வேலையை இருபத்தொன்பது ஆண்டுகள் செய்து ஓய்வு பெற்றவர். அத்தனை ஆண்டிலும் அவர் வேலைக்குப் பிந்திப் போன நாட்கள் இரண்டு. இரண்டும் பனிப்புயல் நாட்கள். வெயிலைத் தேடிப் போய்க் குளிர்காலம் முழுக்க ஓரிடத்தில் தங்கலாம் என்ற நினைப்பு அவருக்குத் தானாக வந்ததே இல்லை. அது அவருடைய மனைவி பிலோமினம்மாவின் முழங்காலால் வந்தது.

2024 பெப்ரவரி 14, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். கோவிலுக்குப் போகப் பஸ் தரிப்பில் நின்ற பிலோமினம்மா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். இடது முழங்கால் சில்லு வெடித்தது. அது பொருந்திவிட்டாலும், அடுத்த குளிர்காலத்தில் நவம்பர் 20 முதல் ஏப்ரல் 9 வரை அவர் ஒரு நாளும் வெளியே போகவில்லை. பூசையையும் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். பனி கரைந்த பிறகு, இரண்டு கட்டிடம் தள்ளியிருந்த கடைக்குத் தடியோடு நடக்கப் பதினெட்டு நிமிடம் எடுத்தது. இன்னும் ஒரு குளிர்காலம் இப்படிப் பூட்டியிருந்தால் நடையே நின்றுவிடும் என்று டொக்டர் நேராகச் சொன்னார்.

மகள் ஜெயனிதான் வழி கண்டுபிடித்தாள். அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் பெற்றோருக்கு அரிசோனாவில், டூசான் நகருக்குப் பக்கத்தில், முதியவர்கள் குடியிருக்கும் வளவொன்றில் சிறிய வீடு இருந்தது. அந்த ஆண்டு அவர்களால் போக முடியவில்லை. மார்ச் முடியும் வரை இவர்கள் இருக்கலாம்.

பழைய வேலைத்தோழர் ஞானேந்திரன் கேள்விப்பட்டதும் ஓடி வந்தார்.

“அருமையண்ணை, பாலைவனத்துக்கோ போறியள்? ஒட்டகத்துக்கும் பாஸ்போட் எடுத்தாச்சோ?”

“பகிடி விடாதையும். எனக்கு இப்பவே நெஞ்சு இடிக்குது.”

“இடிக்கத்தான் வேணும். இப்ப அங்கை ஆக்களை றோட்டிலை மறிச்சுப் பிடிக்கிறாங்கள். எங்கடை நிறத்தைக் கண்டால் கேள்வி கேப்பாங்கள்.”

“நீர் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வீட்டை போம், ஞானேந்திரன்,” என்றார் பிலோமினம்மா. “இவர் தன்ரை பாட்டிலேயே பயப்பிடுவார். உம்மடை உதவி தேவையில்லை.”

2025 நவம்பர் 2 ஞாயிறு, இறந்தவர்களுக்கான பூசை கண்டுவிட்டு, மறுநாள் காலை 6.20க்குப் புறப்பட்டார்கள். அமெரிக்காவில் முப்பது நாளுக்கு மேல் தங்கும் கனடாக்காரர் பதிய வேண்டும் என்பதால் ஜெயனி இணையத்தில் பதிந்து அச்செடுத்துக் கொடுத்தாள். அந்தத் தாளையும் இரண்டு கடவுச்சீட்டுகளையும் அருமைராசா ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கயிறு கட்டி, சட்டைக்குள்ளே கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். ஆறு நாள் ஓட்டம். நவம்பர் 8 சனிக்கிழமை மாலை அந்த வீட்டு வாசலில் நின்றபோது கார் 4,218 கிலோமீற்றர் ஓடியிருந்தது.

பிலோமினம்மாவுக்கு அந்த ஊர் முதல் நாளே பிடித்துவிட்டது. டிசம்பரிலும் பகலில் இருபது பாகை வெயில். கழுவிக் கொடியில் போட்ட சேலை முக்கால் மணித்தியாலத்தில் காய்ந்தது. மோர்மிளகாய் மூன்றே நாளில் கலகலவென்று கிலுங்கியது. பின்வளவில் தோடை மரம் ஆரஞ்சுப் பழங்களாய்க் காய்த்துக் கிடந்தது. காலையில் காடைகள் குடும்பமாகத் தெருவைக் கடந்தன. பக்கத்து வீட்டில் அக்னெஸ் என்ற எண்பத்தொரு வயது அமெரிக்கப் பெண்மணி தனியே இருந்தார். இருவருமாக நடக்கத் தொடங்கினார்கள். முதல் வாரம் நிற்காமல் ஆறு நிமிடம், நவம்பர் கடைசியில் பதினாலு. நத்தார்ப் பண்டிகை கழிந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28 அன்று, தடியை வீட்டில் விட்டுவிட்டு முப்பத்தைந்து நிமிடம் நடந்து வந்தார் பிலோமினம்மா.

அருமைராசாவோ காரை எப்போதும் தெருவைப் பார்த்தபடியே நிறுத்தினார். சீருடை போட்ட எவரைக் கண்டாலும், அது தபால்காரராக இருந்தாலும், உள்ளே போய்விடுவார். கழுத்து உறையைத் தோடங்காய் பறிக்கும்போதும் கழற்றவில்லை.

“குளிக்கைக்குள்ளையும் போட்டிருக்கிறியள். ஞானஸ்நானத்திலை கட்டின சுருபமோ அது?” என்று பிலோமினம்மா சீண்டுவார். குன்றுச் சரிவில் இரண்டு ஆள் உயரக் கள்ளிகள் கிளைகளை மேலே தூக்கியபடி நிற்பதைக் காட்டி, “பாருங்கோ, அதுகளும் உங்களைப்போலைதான். ஆமி வந்திட்டுதெண்டு கையைத் தூக்கிக்கொண்டு நிக்குதுகள்,” என்பார். அருமைராசா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஜனவரி 20 செபஸ்தியார் திருநாள். தெற்கே ஒரு பழைய கோவிலில் செபஸ்தியார் சுருபம் இருப்பதாக அக்னெஸ் சொல்லியிருந்தார். அதற்கு முந்திய ஞாயிறு, ஜனவரி 18, இருவரும் போனார்கள். பிலோமினம்மா முழங்காலிட்டுச் செபித்தார். இரண்டு வருடத்தில் அவர் முழங்காலிட்டது அதுவே முதல் தடவை. எழும்பும்போதும் கணவரின் கையைப் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியில், பிற்பகல் 3.50க்கு, நெடுஞ்சாலைக்குக் குறுக்கே பெரிய கூரையொன்று தெரிந்தது. கூம்புகள், பச்சைச் சீருடைகள், ஒரு நாய். முன்னே ஏழு கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. போகும்போது இவர்களை யாரும் மறிக்கவில்லை. வடக்கே வரும் வாகனங்களை மட்டும் மறிக்கும் எல்லைக் காவல் சாவடி என்பது அவருக்குத் தெரியாது.

கடைசிக் காருக்கு முப்பது யார் தூரம் பின்னாலேயே அருமைராசா நிறுத்தினார். இயந்திரத்தை அணைத்தார். திறப்பைத் துளையிலிருந்து உருவிக் காரின் முன்தட்டில், வெளியே தெரியும்படி வைத்தார்.

“பிலோமி, இறங்கும்.”

“என்னத்துக்கு?”

“இறங்கி நடவும். உள்ளுக்கு இருக்கக்கூடாது.”

அருமைராசா தன் பக்கத்துக் கதவைத் திறந்து, மூடாமலே இறங்கினார். கழுத்து உறையை வெளியே இழுத்து, வலது கையில் உயர்த்திப் பிடித்து, தலையைக் குனிந்தபடி, சாலையின் நடுவே நடக்கத் தொடங்கினார்.

பேசாலையில், யுத்த நாட்களில், 1985 முதல் அவர் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் நடந்தார். ஆமிச் சாவடிக்கு நூறு யார் தூரம் முன்னாலேயே பஸ் நிற்கும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராகச் சாவடியைக் கடந்து, அந்தப் பக்கம் திரும்ப ஏற வேண்டும். ஒருநாள் அவருடைய மச்சான் றூபன் காய்ச்சலோடு பஸ்ஸுக்குள்ளேயே இருந்துவிட்டான். பிறகு அவனை யாரும் காணவில்லை. இறங்கி நடப்பவன் தப்புவான், உள்ளே இருப்பவன் தொலைவான் என்பதை அருமைராசாவின் கால்கள் அன்று படித்தன. இந்த நாட்டில் அதற்கு நேர் எதிர் என்று அந்தக் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் பச்சைச் சீருடைக்காரன் ஒருவன் கத்தினான். பிறகு மூன்று பேர். நாய் பின்னங்காலில் எழும்பியது. முப்பத்தேழு ஆண்டு ஆங்கிலம் பேசியவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கத்துகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. கத்தினால் தலையை இன்னும் குனிய வேண்டும். குனிந்தார். கால் நிற்கவில்லை. ஒருவனுடைய கை இடுப்புக்குப் போனது.

காருக்குள் பிலோமினம்மா இருக்கைப் பட்டியைக் கழற்றினார். அவரும் அந்தச் சாவடிகளில் நடந்தவர்தான். கணவர் எந்த வீதியில் நடக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது. தானும் இறங்கினால் இரண்டு பேராகிவிடும் என்பதும் தெரிந்தது. சாய்ந்து, இரண்டு கையாலும் ஹோர்னை அழுத்தினார். விடவில்லை. திறந்திருந்த கதவு வழியாக, குரல் கிழியக் கூப்பிட்டார்.

“இஞ்சாருங்கோ! இது அங்கையில்லை! இருங்கோ! அப்பிடியே நிலத்திலை இருங்கோ!”

அருமைராசா நின்றார். தார் வீதியில், உயர்த்திய கை உயர்த்தியபடியே, உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்தவை பதினொரு நிமிடத்தில் முடிந்தன. கடவுச்சீட்டுகளைப் பார்த்தார்கள், பதிவுத்தாளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. இளைய அதிகாரி ஒருவன், ஏன் இறங்கினீர் என்று கேட்டான்.

“மரியாதைக்கு, சேர்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார் அருமைராசா.

அவன் கடவுச்சீட்டுகளை உறைக்குள் திரும்பப் போட்டுக் கொடுத்தான். இனி எந்தக் காலத்திலும் அப்படிச் செய்ய வேண்டாம், காருக்குள்ளேயே இருக்க வேண்டும், இன்று வேறு விதமாகவும் முடிந்திருக்கும் என்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அருமைராசா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

“நாளைக்கு வெளிக்கிடுவம்.”

“ஜெயனி போன் எடுத்தவள். அங்கை இண்டைக்கு மைனஸ் இருபத்தினாலு. வாசல் முழுக்க ஐஸ்.”

“ஐஸ் சுடாது, பிலோமி.”

“சுடாதுதான். ஆனா எனக்கு மூண்டு மாசம் மறியல்வீடு.” அவர் பெட்டியை மூடி அதன்மேல் இருந்துகொண்டார். “நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் மார்ச் முடிய வாறன்.”

“தனியவோ? விசர்க்கதை கதையாதையும்.”

“எண்பத்தெட்டிலை நீங்கள் ஓடுவமெண்டு சொல்ல, நான் ஏனெண்டு கேக்கேல்லை. இண்டைக்கு நான் இருப்பமெண்டு சொல்லுறன்.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவித்தார்கள். அருமைராசா இரண்டு வாய் உண்டார்.

மறுநாள் காலை பிலோமினம்மா அவரைக் காரில் இருக்கச் சொன்னார். அக்னெஸின் வெயில் தொப்பியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, தெருவோரம் நின்று, கையைக் காட்டிக் காரை மறித்தார். “யூ சிற்றிசன்?” என்று குரலைத் தடிப்பாக்கிக் கேட்டார். அருமைராசாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இடது கை தானாகவே கதவுப் பிடிக்குப் போனது. முதல் நாள் ஏழு தடவை மறித்தார், ஏழு தடவையும் கை போனது. வியாழக்கிழமை ஏழில் மூன்று.

“மூண்டும் கூடத்தான்,” என்றார் அருமைராசா.

“ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போட்டு வரைக்கை நான் பக்கத்திலை இருப்பன்தானே.”

ஜனவரி 25 ஞாயிறு, கோவிலிலிருந்து திரும்பும் அதே வீதி, பிற்பகல் 3.35. கூரை தெரிந்தபோதே அவருடைய சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. இம்முறை முன் காரை ஒட்டியே ஓட்டினார். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்ரியறிங்கில் வைத்தார். பிலோமினம்மா அவருடைய தொடையில் கையை வைத்துக்கொண்டு அருள்நிறை மரியே செபம் சொன்னார்.

சாவடியில் நின்றவன் வேறொருவன். காரைப் பார்த்தான், இரண்டு முதியவர்களைப் பார்த்தான், இரண்டு விரலை அசைத்தான்.

“போகச் சொல்லுறான்.”

“சொல்லேல்லை. விரலைத்தான் ஆட்டினவன்.”

“அதுதான் போகச் சொல்லுறது. எடுங்கோ.”

அருமைராசா எடுத்தார். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் போனார். பின்னால் யாரும் சுடவில்லை என்று நம்ப அவருக்கு அடுத்த வெளியேறும் பாதை வரை பிடித்தது. அங்கே பெற்றோல் நிலைய வாசலில் நிறுத்தினார். கை கதவுப் பிடி வரை போய்த் திரும்பி வந்தது. இறங்க வேண்டும்போல இருந்தது, முடியவில்லை.

பிலோமினம்மா தன் பக்கத்துக் கதவைத் திறந்து, காரைச் சுற்றி நடந்து வந்து, அவருடைய கதவைத் திறந்தார்.

“இஞ்சை இறங்கலாம்,” என்று கையை நீட்டினார்.